நோட்டரி ஆக ஆசையா? புதுச்சேரி வக்கீல் வீடுகளுக்குச் சில கைக்குறிப்புகள்

வீட்டில் ஒரு வக்கீல் இருந்துவிட்டால் போதும், "எப்போ நோட்டரிக்குப் போடப்போறாங்க?" என்று அக்கம்பக்கத்தில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இதற்கென்று தனிப் படிப்போ தேர்வோ நம் நாட்டில் இல்லை. வக்கீல் தொழிலில் இருந்துகொண்டே கற்று, காகிதங்களைச் சேர்த்து, விண்ணப்பித்து வாங்க வேண்டிய பதவி இது. இன்றே சேர்க்கத் தொடங்கினால் கடைசி நேர அலைச்சலும் செலவும் பாதியாகக் குறையும். காலாப்பட்டில் படிக்கிற பிள்ளைக்கும், பத்து வருஷம் கோர்ட்டுக்குப் போய்வந்தவருக்கும் சேர்த்தே இந்தக் குறிப்புகள்.

1. முதலில் ஆண்டுக் கணக்கு. பொதுவாக 10 ஆண்டு வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும், பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும் 7 ஆண்டே போதும். பத்து முடியட்டும் என்று காத்திருக்கும் தோழிகளே, மூன்று வருஷத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள்!

2. இந்த ஆண்டுகளைப் பட்டம் வாங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டாம், பார் கவுன்சிலில் பதிந்த நாளிலிருந்து எண்ணுங்கள். நடுவில் வேலைக்காகத் தொழிலை நிறுத்தி வைத்திருந்தால் அந்தக் காலத்தைக் கழித்துவிடுங்கள். என்ரோல்மென்ட் சான்றிதழின் ஜெராக்ஸ் ஓரத்தில், கணக்கு முடியும் தேதியைப் பென்சிலால் குறித்து வைத்தால் ஆண்டுதோறும் விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை.

3. பிள்ளைகள் சட்டம் படிக்க வெளியூர்தான் போக வேண்டும் என்பதில்லை. நம்ம ஊரில் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 1838-இல், சட்டப் பள்ளி தொடங்கியாயிற்று. இன்று காலாப்பட்டில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. வீட்டுச் சாப்பாடு, ஈ.சி.ஆர். பஸ், அரசுக் கல்லூரிக் கட்டணம் என்று கூட்டிப் பாருங்கள், விடுதிச் செலவு அப்படியே மிச்சம்.

4. என்ரோல்மென்ட் சென்னையில், தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில். பதிவுக் கட்டணமாகச் சட்டம் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 125) வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30-இல் தீர்ப்பளித்திருக்கிறது. போகும் முன் அந்தத் தீர்ப்பைப் படித்து, எந்தத் தொகை எதற்கு என்று தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

5. பதிந்த கையோடு அகில இந்திய பார் தேர்வை முடித்துவிடுங்கள். பாடம் நினைவில் இருக்கும்போது எழுதினால் புதுப் புத்தகச் செலவு இல்லை, தொழில் ஆண்டுக் கணக்கிலும் பின்னால் சிக்கல் வராது.

6. ஆண்டுக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போடுங்கள். உங்கள் பெயர் உள்ள வக்காலத்து நகல் இரண்டு, உங்கள் பெயர் அச்சான தீர்ப்பு நகல் ஒன்று, பார் அசோசியேஷன் சந்தா ரசீது. இவ்வளவு போதும். ஏழாவது வருஷம் வந்து பழைய கட்டுகளைப் பிரித்துத் தேடுவதைவிட டிசம்பர் கடைசியில் அரை மணி நேரம் உட்காருவது எவ்வளவோ சுலபம்.

7. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஃபைல், கிளிப், பழைய சட்டப் புத்தகம் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். ஃபைலை எத்தனை வேண்டுமானாலும் வாங்குங்கள், சட்டப் புத்தகத்தை மட்டும் பதிப்பு ஆண்டு பார்த்து வாங்குங்கள். 2024 ஜூலை 1-இல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டதால், அதற்கு முந்தைய குற்றவியல், சாட்சியச் சட்டப் புத்தகங்கள் விலை குறைந்தாலும் வேலைக்கு முழுதாக உதவாது.

8. நம்ம ஊருக்கே உரிய சிக்கல், பெயர் எழுத்துக்கூட்டல். தாத்தா சான்றிதழில் பிரெஞ்சு முறையில், பள்ளிச் சான்றிதழில் ஆங்கில முறையில், ஆதாரில் வேறு ஒன்று என்று ஒரே முருகனுக்கு மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். என்ரோல்மென்ட் சான்றிதழில் இருப்பதையே அடிப்படையாக வைத்து ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒன்றாக்கிவிடுங்கள். முத்திரையிலும் கெஜட்டிலும் ஏறப்போகிற பெயர் அல்லவா!

9. நோட்டரிச் சட்டம் 1952, நோட்டரி விதிகள் 1956 இரண்டையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். சட்டம் 'இந்தியா கோட்' என்ற அரசு இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. பதினாறே பிரிவு, இரு பக்கமும் அச்செடுத்தால் சில தாள்தான் ஆகும். விதிகளை மட்டும் சமீபத்திய திருத்தங்கள் சேர்ந்த பிரதியாகப் பார்த்து எடுங்கள், அடிக்கடி மாறுவது அதுதான்.

10. சட்டத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் 8-ஆம் பிரிவைப் படியுங்கள். நோட்டரி என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல் அங்கே இருக்கிறது: ஆவணத்தைச் சரிபார்த்துச் சான்றளிப்பது, பிரமாணம் செய்வித்து அஃபிடவிட் வாங்குவது, புரோநோட்டு, உண்டியல் மறுக்கப்பட்டதைப் பதிவு செய்வது, ஒரு மொழி ஆவணத்தை இன்னொரு மொழியில் பெயர்த்துச் சான்றளிப்பது. வேலை பார்க்கும் காலம் முழுக்க இந்த ஒரு பிரிவுதான் கைகொடுக்கும்.

11. நேர்காணலுக்கும் தொழிலுக்கும் சேர்த்து நான்கு சீட்டு எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அஃபிடவிட்டுக்கு சிவில் நடைமுறைச் சட்டம் 139, குற்றவியல் வழக்கின் அஃபிடவிட்டுக்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 333, பவர் பத்திரம் பற்றிய அனுமானத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் 84, நோட்டிங், புரோட்டெஸ்டுக்கு மாற்றுமுறை ஆவணச் சட்டம் 99, 100. புடவை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டால் தானாக மனப்பாடம் ஆகிவிடும்.

12. எந்தப் பயிற்சி வகுப்பையும்விட மேலானது, நல்ல சீனியர் நோட்டரி ஒருவரின் மேஜைப் பக்கத்தில் உட்காருவது. கடலூர் சாலை நீதிமன்ற வளாகத்தில் வேலை முடிந்த பிறகு, வாரம் ஒரு மாலை அனுமதி கேட்டுப் போய் உட்காருங்கள். வந்தவரிடம் என்ன கேட்கிறார், எந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்கிறார், யாருக்கு 'முடியாது' என்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். கையெழுத்து போடுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம். போட மறுப்பதைத்தான் சீனியரிடம் பார்த்துக் கற்க வேண்டும்.

13. பிள்ளைகளின் பாதி மிஞ்சிய கட்டுரை நோட்டில் கோடு போட்டு, நோட்டரி ரிஜிஸ்டர் மாதிரி ஒன்று தயார் செய்யுங்கள். வரிசை எண், தேதி, வந்தவர் பெயர் முகவரி, ஆவணத்தின் வகை, கட்டணம், கையெழுத்து என்று கட்டங்கள் போட்டு சீனியரிடம் பார்த்ததை எழுதிப் பழகினால், சொந்த ரிஜிஸ்டர் வரும்போது அடித்தல் திருத்தல் இருக்காது.

14. புதுச்சேரியில் நோட்டரி ஆக நினைப்பவர் கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்து வைத்தால் தனி மதிப்பு. பழைய வீட்டுப் பத்திரம், பிறப்புப் பதிவு, பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் காகிதம் என்று இங்கே பிரெஞ்சு வராத தெரு இல்லை. சுஃப்ரேன் வீதி அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதல் சொல்லித் தருகிறது. காத்திருக்கும் ஏழு ஆண்டுகளில் மாலை வகுப்பாகவே படித்து முடிக்கலாம். ஆனால் மொழி முழுதாகக் கைவராதவரை மொழிபெயர்ப்புச் சான்றில் மட்டும் முத்திரை வைக்காதீர்கள்.

15. பெரியவர்கள் 'நொத்தேர்' என்று சொல்வதும் இன்றைய நோட்டரியும் ஒன்றல்ல, குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரெஞ்சு முறை நொத்தேர் தாமே பத்திரத்தை எழுதுவார். மூலப் பிரதியை அவரே காப்பார், குடும்பத்தின் கைக்கு நகல்தான் வரும். இன்றைய நோட்டரியிடம் மூலம் தங்குவதில்லை, ரிஜிஸ்டரில் வரி மட்டும் தங்கும். ஆகவே "என் பத்திரத்தின் மூலம் உங்களிடம்தானே இருக்கும்?" என்று ஒரு பாட்டி வந்து கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அவர் பார்த்து வளர்ந்த முறை அது. நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லாத வீடுகளில் இப்படி விளக்கிச் சொல்ல ஓர் ஆள் இருப்பதே பெரிய உதவி.

16. வீட்டில் அந்தக் காலத்து நொத்தேர் பத்திரம் இருந்தால் லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள், பழைய தாள் சூட்டில் கருகும், பிறகு பிரிக்கவும் முடியாது. வெண்ணெய்த் தாளில் மடிப்பில்லாமல் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள், தினசரித் தேவைக்குப் போனில் படம் எடுத்து வைத்தால் போதும்.

17. இலங்கையில் சொந்தம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நிலப் பத்திரமே நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும்; 1840-ஆம் ஆண்டுச் சட்டம் அது. நம்ம ஊரில் நிலம் வாங்க விற்க சார்பதிவாளர் அலுவலகம்தான், நோட்டரி முத்திரை வைத்த விற்பனை ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலம் நம் பெயருக்கு வந்துவிட்டது என்று யாரையும் நம்பவிடாதீர்கள்.

18. எந்த அரசுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மத்திய அரசும் நியமிக்கும், மாநில அரசும் நியமிக்கும். நமக்கு அது புதுச்சேரி அரசின் சட்டத் துறை. மத்திய அரசு விண்ணப்பங்களுக்குத் தனி நோட்டரி இணையதளம் இருக்கிறது. இட ஒதுக்கீட்டுப் பிரிவில் போடுபவர்கள், சாதிச் சான்று அந்தந்த அரசின் பட்டியல்படி இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிட்டால் தாலுகா அலுவலகத்துக்கு இரண்டாம் முறை நடக்க வேண்டாம்.

19. இடங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர் என்று விதிகளின் அட்டவணையிலேயே இருக்கிறது. தகுதி வந்ததும் உடனே கிடைத்துவிடும் என்று கடன் வாங்கி அலுவலகம் பிடிக்க வேண்டாம், அறிவிப்பு வரும்வரை இருக்கிற அறையிலேயே தொழில் நடக்கட்டும்.

20. இந்தக் குறிப்பை மட்டும் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்: சான்றிதழில் எந்தப் பகுதி என்று எழுதியிருக்கிறதோ அங்கே மட்டும்தான் நோட்டரி வேலை செய்யலாம். நம்ம ஊர் எல்லை நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம். கோரிமேடு தாண்டினால் தமிழ்நாடு. ஆரோவில்லின் பெரும்பகுதி வானூர் வட்டத்தில். மேற்கே போனால் ஒரு கிராமம் நம்முடையது, அடுத்தது அவர்களுடையது. "பக்கத்தில்தானே, வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க" என்று நண்பர் கூப்பிடும்போது, புதுச்சேரிக்கென நியமிக்கப்பட்டவர் அங்கே போய் முத்திரை வைத்தால் அந்த ஆவணமே கேள்விக்கு உள்ளாகும். வீட்டுச் சுவரில் வருவாய்த் துறை வரைபடம் ஒன்றை மாட்டி, எல்லைக் கிராமங்களைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்தால் பதில் சொல்ல நொடிகூட ஆகாது.

21. காரைக்கால், மாஹே, ஏனாமில் தொழில் செய்ய நினைப்பவர்கள் விண்ணப்பத்தில் பகுதியை எழுதும்போதே யோசித்து எழுதுங்கள். மாஹேயில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் இல்லாமல் அஃபிடவிட் படித்துக் காட்ட முடியாது.

22. வக்கீல்கள் விண்ணப்பிக்க வேண்டியது மெமோரியல் வடிவில், படிவம் 2-இல். அதில் ஐந்து பேர் மேலொப்பம் வேண்டும்: ஒரு மாஜிஸ்திரேட், ஒரு தேசிய வங்கி மேலாளர், ஒரு வணிகர், உங்கள் பகுதியில் பெயர் பெற்ற இருவர். ஐந்தும் ஒரே தாளில் விழும்படி இடம் விட்டு அச்செடுங்கள், ஒட்டுத் தாள் சேர்த்தால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும்.

23. அச்செடுக்கும்போது நல்ல கனமான தாளில் இரண்டு பிரதி எடுங்கள். காபி சிந்தினாலோ தேதி தவறானாலோ ஐந்து வாசலையும் மறுபடி ஏற வேண்டாம் என்றால், எல்லோரிடமும் இரண்டு தாளிலும் சேர்த்தே ஒப்பம் வாங்கிவிடுங்கள்.

24. வங்கி மேலாளரைப் பார்க்க மாத முதல் வாரமும் திங்கட்கிழமையும் வேண்டாம். பென்ஷன்காரர் கூட்டம் அடங்கிய பிறகு, மாத நடுவில் புதன் அல்லது வியாழன் மதியம் போனால் உட்கார வைத்துப் பேசுவார். இந்தியன் வங்கி, யூகோ வங்கி போன்ற தேசிய வங்கியாக இருக்க வேண்டும், தனியார் வங்கி மேலாளர் ஒப்பம் உதவாது.

25. வணிகர் என்றால் பெரிய முதலாளியைத் தேடி அலைய வேண்டியதில்லை. வருஷக்கணக்காக உங்களை அறிந்த நேரு வீதித் துணிக்கடைக்காரரோ, பெரிய மார்க்கெட் மளிகைக் கடைக்காரரோ தாராளமாகப் போதும். கடைப் பெயர், முகவரியோடு ஒப்பம் இருந்தால் நல்லது.

26. பெயர் பெற்ற இருவருக்கு, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தெரு மருத்துவர் என்று உங்கள் நடத்தையை நேரில் பார்த்தவர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒப்பம் கேட்கப் போகும்போது வெறும் தாளை நீட்டாமல், உங்களைப் பற்றிய விவரத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். யாராவது விசாரித்தால் அவர்களுக்குப் பதில் சொல்ல எளிதாக இருக்கும்.

27. மாஜிஸ்திரேட் ஒப்பத்துக்கு நீதிமன்ற நேரத்தில் இடையில் போய் நிற்கக் கூடாது. முதல் நாளே அலுவலக ஊழியரிடம் சொல்லி நேரம் கேட்டு, மற்ற நான்கு ஒப்பமும் வாங்கிய தாளோடு போங்கள்.

28. பார் அசோசியேஷன் சந்தா பாக்கி இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே தீர்த்துவிடுங்கள். உங்களைப் பற்றி ஆட்சேபம் உண்டா என்று கேட்கிற முறை விதியிலேயே இருக்கிறது, சிறு பாக்கியால் ஒரு கேள்வி எழ இடம் தர வேண்டாம்.

29. எல்லாச் சான்றுகளையும் மூன்று செட் எடுத்து, ஒரே வரிசையில் அடுக்கி, மேலே உள்ளடக்கப் பட்டியல் ஒன்று வையுங்கள். போனிலும் ஒரு செட் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் 'என்ரோல்மென்ட்', 'சாதிச் சான்று' என்று பெயர் போட்டு வைத்தால், இணையத்தில் ஏற்றும்போது பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காகக் காசு போகாது.

30. தலைமைச் செயலகம் கடற்கரைச் சாலையில். நேரில் கொடுக்கிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மாலை ஆனால் அந்தச் சாலையில் வண்டி விட மாட்டார்கள். கொடுத்ததற்கு அடையாளமாக உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

31. "நான் முடித்துத் தருகிறேன்" என்று வருகிற இடைத்தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உண்மையைச் சான்று சொல்லும் பதவிக்கு அப்படி ஒரு வாசல் வழியாகப் போவது பெரும் தவறு, சட்டப்படியும் குற்றம். கட்டணம் எல்லாம் அரசு சொல்லும் வழியில், ரசீதோடு மட்டுமே.

32. நேர்காணலில் பெரிய சட்டத் தத்துவம் கேட்பார்களோ என்று பயப்படத் தேவையில்லை. நோட்டரிக்கும் ஓத் கமிஷனருக்கும் என்ன வித்தியாசம், கண் தெரியாதவர் வந்தால் என்ன செய்வீர்கள், புரோட்டெஸ்ட் என்றால் என்ன, முத்திரை எப்படி இருக்க வேண்டும் என்பது போன்றவற்றுக்குத் தயாராகுங்கள். வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் திக்காது. சமைத்துக்கொண்டே கேள்வி கேட்க என்னைப் போல ஆள் எல்லா வீட்டிலும் உண்டு!

33. சான்றிதழ் கைக்கு வரும்வரை முத்திரை செய்யக் கொடுக்காதீர்கள், பெயர்ப் பலகையிலும் 'நோட்டரி' என்று எழுதாதீர்கள். நியமனம் ஆகாமல் நோட்டரி என்று காட்டிக்கொள்வது சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

34. முத்திரைக்கு அளவு உண்டு: 5 செ.மீ. விட்டம், வட்டம், அலங்காரம் எதுவும் இல்லாமல். உங்கள் பெயர், நியமித்த பகுதி, பதிவு எண், 'நோட்டரி' என்ற சொல், நியமித்த அரசின் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் வாயால் சொல்லாமல், அதே அளவில் தாளில் வரைந்து கொடுத்து, முதலில் காகிதத்தில் ஒரு மாதிரி வாங்கிப் பாருங்கள். தவறான முத்திரைக்கு இரண்டாம் முறை காசு போகாது.

35. கடல் காற்றில் ஸ்டாம்ப் பேட் ஒரு பக்கம் பூசணம் பிடிக்கும், வெயில் காலத்தில் சீக்கிரம் காய்ந்தும் போகும். மூடியை இறுக்கி, சிறிய எவர்சில்வர் டப்பாவுக்குள் வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் அந்த அலமாரியில் போடுங்கள்.

36. முத்திரையைச் சாவி போட்ட இழுப்பறையில் வைத்து, சாவியை உங்கள் இடுப்பிலோ பையிலோ வையுங்கள். குமாஸ்தா எவ்வளவு நம்பிக்கையானவரானாலும் முத்திரையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போகக் கூடாது.

37. இனி, இந்த வேலையின் உயிர்நாடி. கையெழுத்துப் போடுகிறவர் உங்கள் எதிரே வர வேண்டும், உங்கள் கண் முன்னால் போட வேண்டும். "அப்பா வெளியில் காரில் இருக்கிறார்", "அக்கா துபாயில், வாட்ஸ்ஆப்பில் காட்டுகிறேன்", "ஏற்கெனவே போட்டாச்சு, சீல் மட்டும் வையுங்க" என்று தினமும் வருவார்கள். காரில் இருந்தால் எழுந்து காருக்குப் போங்கள். துபாயில் இருந்தால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் புதுத் தாளில் உங்கள் முன் போடச் சொல்லுங்கள். ஒரு வீட்டுப் பங்கை இழந்த தங்கையின் கண்ணீருக்குப் பின்னால், ஆளைப் பார்க்காமல் வைத்த ஒரு முத்திரை இருக்கலாம். கட்டணம் போனால் போகட்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

38. படுக்கையில் இருக்கும் பெரியவர் ஒப்பம் என்றால், உங்கள் எல்லைக்குள் உள்ள வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ நேரில் போங்கள். உறவினரைச் சில நிமிடம் வெளியே இருக்கச் சொல்லி, "இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா பாட்டி?" என்று தமிழில் கேளுங்கள். தெரியவில்லை என்றால் முழுதும் படித்துச் சொன்ன பிறகுதான் பேனாவை நீட்ட வேண்டும்.

39. ஆவணத்தில் வெற்றிடம் ஏதும் இருந்தால் குறுக்குக் கோடு போட்டு மூடுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் அவர் ஒப்பமும் உங்கள் ஒப்பமும் விழட்டும். அடித்தல் இருந்தால் பக்கத்திலேயே சுருக்கொப்பம்.

40. ஆதார் நகல் வாங்கும்போது கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு' பிரதியைக் கேளுங்கள். வந்தவருக்கும் பாதுகாப்பு, உங்கள் ஃபைல் தொலைந்தாலும் பயமில்லை.

41. கட்டண விவரத்தை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் தெரியும்படி மாட்ட வேண்டும், வாங்கியதற்கு ரசீதும் தர வேண்டும், இரண்டும் விதி. ரசீதுப் புத்தகத்தைக் கார்பன் தாளோடு அச்சடித்து வாங்கிவிட்டால் நகலுக்குத் தனி வேலை இல்லை, ஆண்டுக் கணக்கும் தானாக முடியும்.

42. ஆணும் பெண்ணும் வந்து "எங்களுக்குக் கல்யாண அஃபிடவிட் போட்டுக் கொடுங்க" என்றால் மறுத்துவிடுங்கள். நோட்டரி திருமண அதிகாரி அல்ல. திருமண, விவாகரத்துப் பத்திரங்களில் முத்திரை வைக்கக் கூடாது என்று மத்திய சட்ட விவகாரத் துறை 2024 அக்டோபரில் எழுத்தில் அறிவித்திருக்கிறது. கையோடு, திருமணப் பதிவு எங்கே என்று வழி சொல்லி அனுப்புங்கள். அந்தப் பெண்ணுக்கு நாளை கையில் இருக்க வேண்டியது செல்லுகிற சான்று.

43. பிரான்சில் பிள்ளை, இங்கே வீடு. இந்தக் குடும்பங்கள் நம்ம ஊரில் அதிகம். வெளிநாட்டில் வசிப்பவர் அங்குள்ள நோட்டரி அல்லது இந்தியத் தூதரகம் முன் எழுதிய பவர் பத்திரம் பதிவுக்குச் செல்லும். ஆனால் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். உறையின் மேல் வந்த தேதியை எழுதி, உறையையும் சேர்த்தே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். இந்தியாவில் வசிப்பவர் பத்திரப்பதிவுக்குக் கொடுக்கும் பவருக்கு மட்டும் நோட்டரி போதாது, சார்பதிவாளர்தான்.

44. இங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும் சான்றுகளுக்கு நோட்டரி முத்திரையோடு வேலை முடிந்துவிடாது. அரசு அலுவலகச் சான்று, அதன்பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்று படி உண்டு. இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. எந்த அலுவலகம் என்ன கேட்கிறது என்று முதலில் விசாரிக்கச் சொன்னால் வீண் செலவு மிஞ்சும்.

45. வேலை விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் நகலைத் தூக்கிக்கொண்டு வரும் மாணவர்களிடம், சுய சான்றொப்பம் போதுமா என்று அறிவிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பல அரசு அலுவலகங்களில் அதுவே போதும், அந்தப் பிள்ளையின் பஸ் காசு மிச்சமாகட்டும்.

46. ரிஜிஸ்டர்களைக் கீழ்த்தட்டில் வைக்கவே வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டி, தெருக்களும் வீடுகளும் மூழ்கியதை மறக்க முடியுமா? மேல்தட்டு, கனமான பிளாஸ்டிக் உறை, உள்ளே காய்ந்த வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும். பூச்சியும் வராது.

47. சான்றிதழ் 5 ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்க, முடியும் தேதிக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். காலாவதி ஆன பிறகு வைத்த முத்திரையால் வந்தவர்களுக்குத்தான் நஷ்டம். போன் காலண்டரில் 7 மாதம் முன்னதாக ஒரு நினைவூட்டல் போடுங்கள், சமையலறைக் காலண்டரிலும் எழுதுங்கள்.

48. ஜனவரி முதல் வாரம் முந்தைய ஆண்டு செய்த நோட்டரி வேலைகளின் கணக்கை அரசுக்கு அனுப்ப வேண்டும். மாதக் கடைசியில் ரிஜிஸ்டரின் அடியில் அந்த மாதக் கூட்டலைப் பென்சிலால் எழுதி வந்தால், டிசம்பர் 31 ராத்திரி பன்னிரண்டு எண்ணைக் கூட்டினால் போதும். பொங்கல் வேலைக்கு முன்னால் அது தபாலில் போய்விடும்.